டாங்கிக்குத் துரு பிடிக்க நேரம் வேணாமா?

அன்புள்ள அண்ணா,

நீங்க பிளாஸ்டிக் மாடல் கட்டுறதைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டுதான் நானும் ஆரம்பிச்சேன். ட்ரம்பீட்டர் கம்பெனியோட பிடி-76 டாங்கி கிட், நிஜ வண்டில முப்பத்தஞ்சுல ஒரு பங்கு (1/35) அளவு. 1971ல பாகிஸ்தானோட கரீப்பூர்ல சண்டை போட்ட நம்ம ராணுவத்து 45 கேவல்ரி டாங்கிப் படையோட வண்டியா பண்ணிருக்கேன், போட்டோ இணைச்சிருக்கேன். யூட்யூப் பார்த்து துரு, சேறு மாதிரி காட்டற ரஸ்ட் செட், மட் செட் எல்லாம் வாங்கி, ஓடி அடிபட்ட வண்டி மாதிரி தெரிய வெதரிங் பண்ணேன், ஆனாலும் பொம்மை மாதிரியே இருக்கு. பிரஷ்ல பெயின்ட் அடிச்சதுதான் காரணமா? பெயின்ட்டைக் காத்துல தெளிக்கிற ஏர்பிரஷ் வாங்கிடவா? வீட்ல வேற இந்த வயசுல என்ன விளையாட்டுன்னு திட்டறாங்க.

- ஒரு வாசகன், கோவை

தம்பி,

வீட்ல திட்டறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, எங்க வீட்லயும் அதே பாட்டுதான். ஏர்பிரஷ் விஷயத்துக்கு அப்புறம் வரேன். முதல்ல உங்க போட்டோ. பீரங்கி இருக்கற மேல்கூடு, அதான் டரெட், அதுல ரெண்டு பாதியும் சேர்ற ஜாயின்ட் எங்க இருக்குன்னே தெரியாத மாதிரி தேச்சிருக்கீங்க, அந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது, அதைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சு போச்சு. அப்புறம் கண்ணைக் கொஞ்சம் கீழ இறக்கினா செயினுக்குள்ள ஓடுற சக்கரம், அதான் ரோடு வீல், அதோட விளிம்பு பூரா ஆரஞ்சு கலர்ல துரு! அது ரப்பர் தம்பி. ரப்பர்ல எங்கேருந்துய்யா துரு வரும்?

யூட்யூப்ல ஒருத்தன் பண்றான், பாட்டில் விக்கிற கம்பெனிக்காரன் பண்ணச் சொல்றான், உடனே நாமளும் டாங்கியை காயலான் கடைல இருபது வருஷம் கிடந்த மாதிரி ஆக்கிடறோம். 1971ல அது ஓடுற வண்டி. தினமும் மூணு பேர் ஏறி இறங்கி, கிரீஸ் வெச்சு, திட்டு வாங்கிட்டுத் தொடச்சு வெச்ச வண்டி. துரு பிடிக்கணும்னா யாருமே கண்டுக்காம சும்மா கிடக்கணும், சண்டைல இருக்கற வண்டிக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? ராத்திரி பனில நின்னா செயின்ல காலைல லேசா ஒரு ஆரஞ்சுப் பூச்சு வரும்தான், கொஞ்ச தூரம் ஓடினா தரையில படற இடமெல்லாம் தேஞ்சு திரும்ப வெள்ளி மாதிரி ஆயிடும். உங்க செயின்ல அந்தப் பளபளப்பு ஒரு இடத்துல கூட இல்ல.

அடுத்து சேறு. செம்மண் கலர்ல அப்பியிருக்கீங்க. கரீப்பூர் எங்க இருக்கு, இப்போ பங்களாதேஷ்ல இருக்கற ஜெசோர் பக்கம். கங்கை கொண்டு வந்து கொட்டின வண்டல், ஈரத்துல கருஞ்சாம்பல், காஞ்சா வெளுத்துடும். நவம்பர் 21 விடியக்காலை, எதிர்ல என்ன வருதுன்னே தெரியாத பனிமூட்டம், மழைக்காலம் முடிஞ்சு நெல்லு அறுவடைக்கு நிக்கிற நேரம். அந்த வயக்காட்டுலதான் பாகிஸ்தானோட எம்24 சாஃபி டாங்கிகளும் இந்த பிடி-76களும் மோதிக்கிட்டதுங்க. நம்ம டாங்கி அணியை (ஸ்குவாட்ரன்) நடத்தின மேஜர் தல்ஜித் சிங் நாரக் அங்கதான் செத்தார், அவருக்கு மகாவீர் சக்ரா. பிடி-76 மொத்தமே பதினாலு டன்னு சொச்சம் எடை, தண்ணில மிதக்கணும்ங்கறதுக்காக ரோடு வீலைக் கூட உள்ள காலியா வெச்சுக் கட்டின வண்டி, தகடு அதிகபட்சம் ரெண்டு சென்டிமீட்டர் இருந்தாலே பெருசு. அதுல ஏறி உக்காந்தவங்க போன மண்ணையாவது நாம சரியா வெக்க வேணாமா?

எனக்கு இது ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டிருந்த விஷயம், அதான் உங்க லெட்டரைப் பார்த்ததும் உக்காந்துட்டேன். தை மாசம் மன்னார்குடிப் பக்கம் மாமா வயல்ல சம்பா அறுவடை. ஈரம் காயல, டயர் வண்டி இறங்காதுன்னு செயின்ல ஓடுற அறுவடை மெஷினை வரவழைச்சிருந்தார். எல்லாரும் நெல்லைப் பார்த்தாங்க, நான் வரப்புல உக்காந்து மெஷினோட அடிவயித்தையே பார்த்துட்டிருந்தேன், மாமா கடுப்பாயி "மூட்டையப் புடிடா, அங்க என்னத்தப் பாக்குற"ன்னு சத்தம் போட்டார். சேறு வண்டி பூரா ஒரே மாதிரி ஒட்டவே இல்ல தம்பி. செயின் சுத்தற உள்பக்கம் கெட்டியா அடைச்சிருக்கு, அதுல வைக்கோல் சுத்திக்கிட்டு ஆப்பரேட்டர் இறங்கி அரிவாளால அறுத்து எடுக்கறார். மேல தெறிச்சது வெயில்ல காஞ்சு பாளம் பாளமா உதிர்ந்து, உதிர்ந்த இடத்துல விளிம்பு மட்டும் வெள்ளையா கோடு போட்ட மாதிரி நிக்குது. கிரீஸ் வெக்கிற இடத்துல தூசி சேர்ந்து கருப்பா மையாட்டம் இருக்கு. அவர் கால் வெச்சு ஏறுற படில மட்டும் பெயின்ட் போயி இரும்பு மின்னுது. பெட்டி பெட்டியா நீங்க காசு கொடுத்து வாங்கினது எல்லாம் அங்க சும்மாவே கிடக்கு. பிடி-76ன்னா இன்னும் ஒண்ணு, தண்ணில இறங்கி ஏறுற வண்டிங்கறதால பக்கவாட்டுல கீழ கழுவிப் போயிருக்கும், தண்ணி நின்ன மட்டத்துல ஒரு கறை நிக்கும்.

அளவையும் பாருங்க. நீங்க ஒட்டின மணல்ல ஒரு மில்லிமீட்டர் குருணை இருக்கு. 1/35ல அது மூணரை சென்டிமீட்டர் ஜல்லி! உங்க டாங்கி வயல்ல போகல, ரோடு போடற இடத்துல போயிருக்கு. வண்டல் மண்ணைக் காய வெச்சு இடிச்சு, டீ வடிகட்டில இல்ல, துணில சலிச்சு எடுங்க, ஃபெவிகால் தண்ணியா கரைச்சு அதோட சேருங்க. பெயின்ட் உதிர்ந்த புள்ளிக்கும் இதே கணக்குதான்.

நம்பர், சின்னம் ஒட்டற ஸ்டிக்கர், அதான் டீகால், வெள்ளையா மின்னுறதுக்கு அடில பளபளப்புப் பூச்சு (கிளாஸ் கோட்) இல்லாததுதான் காரணம், அதை நீங்களே பார்த்துக்குவீங்க.

ஏர்பிரஷ்ஷா? கையில காசு இருந்தா வாங்குங்க, இல்லன்னா வேணாம், உங்க பிரஷ் வேலை நல்லாத்தான் இருக்கு. இப்போதைக்கு வீல்ல இருக்கற துருவை மட்டும் கருஞ்சாம்பல் அடிச்சு மூடிட்டு போட்டோ அனுப்புங்க. ரஸ்ட் செட்ல பிரிக்காத பாட்டில் ஏதாவது இருந்தா கடைக்காரர் திருப்பி எடுத்துப்பாரான்னும் கேட்டுப் பாருங்க.