படத்தில் நிற்பவருக்கு என்ன பங்கு? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸனேலே முஹோலி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, கறுப்பினத் தற்பாலீர்ப்புப் பெண்களையும் திருநம்பிகளையும் அவர் எடுத்த உருவப்படத் தொடரைத் தேடிப் பார்த்தேன். படங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. ஆனால் அதைக் கூட்டுக் கலை என்று நீங்கள் சொன்னது எனக்கு ஒட்டவில்லை. கேமரா முஹோலியின் கையில் இருக்கிறது. கண்காட்சிச் சுவரில் இருப்பதும் அவர் பெயர்தான். எதிரே நிற்பவர் நின்றதைத் தவிர என்ன செய்தார்?

நாங்கள் நான்கு நண்பர்கள். மூன்று பேர் பால்புதுமையினர் (குயர்). இதுபோல ஒரு தொடர் எடுக்க நினைக்கிறோம். எங்கே சறுக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ம.

அன்புள்ள ம.,

ஷட்டரை அழுத்துவது ஒருவர்தான். அந்த நொடியை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பாருங்கள். எதை உடுத்துவது, எப்படி நிற்பது என்பதில் நிற்பவரின் விருப்பத்துக்கு இடமிருக்கிறது. படத்தின் தலைப்பு அவருடைய பெயரும் ஊரும் ஆண்டும். சில ஆண்டுகள் கழித்து அதே ஆளை மறுபடி எடுக்கிறார்கள். வயதும் உடையும் உடலும் மாறியிருக்கும், சிலருக்குப் பால் அடையாளமும். 2014இல் வந்த தொகுப்பு நூலில் படத்தில் இருப்பவர்களே எழுதிய கவிதைகளும் வாக்குமூலங்களும் உண்டு. 2009இல் முஹோலி தொடங்கிய இன்கான்யிசோ என்ற அமைப்பில் இவர்களில் பலர் தாங்களே படமெடுத்து, திருமணங்களையும் இறுதிச் சடங்குகளையும் தங்கள் சொற்களில் பதிவு செய்தார்கள். ஒரு நாள் கேமராவுக்கு முன்னால் நின்றவர் அடுத்த வருடம் அதன் பின்னால் நிற்கிறார். நான் கூட்டு என்று சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

அந்த நாட்டில் கறுப்பின முகத்தைப் படமெடுப்பதற்கு ஒரு கொடிய வரலாறு உண்டு. நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது. அந்தப் படங்களை எடுக்கப் போலராய்டின் ஐடி-2 கேமராவும் பயன்பட்டது. 1970இல் அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்கள் கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும் இதை எதிர்த்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. பாஸ் சட்டம் 1986 வரை நீடித்தது. முஹோலி 1972இல் டர்பனை அடுத்த உம்லாஸியில் பிறந்தவர். அடையாள அட்டைப் படத்தில் நிற்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. முஹோலியின் படங்களிலும் முகம் நேராகத்தான் பார்க்கிறது. ஆனால் நிற்பவர் சம்மதித்து, தானே தேர்ந்த கோலத்தில் நிற்கிறார்.

தொடர் தொடங்கிய 2006இல்தான் அங்கே ஒருபாலினருக்கும் மணவுரிமை தந்த சட்டம் வந்தது. பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சாசனம் 1996இலேயே சொல்லிவிட்டது. ஆனால் டவுன்ஷிப் எனப்படும் கறுப்பினக் குடியிருப்புகளின் தெருவில் நிலைமை வேறு. 2008இல் தேசியக் கால்பந்து வீராங்கனை யூடி சிமெலானே குவாதேமா என்ற டவுன்ஷிப்பில் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தொடரின் முதல் படத்தில் இருக்கும் கவிஞர் பூசி சிகாசா 2007இலேயே, 25 வயதில் இறந்தார். கண்காட்சியில் 76.5 × 50.5 செ.மீ. அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களை வரிசையாக மாட்டும்போது நடுநடுவே வெற்றிடம் விடுகிறார்கள். இறந்தவர்களுக்கும் இனி வரவேண்டியவர்களுக்குமான இடம் அது.

இனி உங்கள் தொடர். ஒப்புதலை ஒரே கையெழுத்தில் முடித்துவிடாதீர்கள். சுவரில் மாட்டலாமா, அச்சில் போடலாமா, இணையத்தில் வைக்கலாமா, விற்கலாமா என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். சுவருக்குச் சரி என்பவர் இணையத்துக்கு வேண்டாம் என்பார். அது அவருக்கு வாழ்வா சாவா என்ற விஷயமாக இருக்கலாம். எடுத்த படத்தைக் காட்டிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். கண்காட்சிக்கு முன் மறுபடியும் கேளுங்கள். இடையில் வேலையோ வீடோ காதலோ மாறியிருக்கும். அச்சான புத்தகத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள். 18 வயது நிரம்பாதவர்கள் வேண்டாம்.

முஹோலி உண்மைப் பெயரைப் போடுகிறார் என்பதற்காக நீங்களும் போட வேண்டியதில்லை. பெயரை மாற்றினாலும் பின்னணி காட்டிக்கொடுத்துவிடும். கதவு எண், வண்டி எண், தெருப்பலகை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். போனில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு பதிந்திருக்கும்; வெளியிடுமுன் அதை நீக்குங்கள்.

வெளிச்சத்தில்தான் பலர் தோற்கிறார்கள். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுச்சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கரிய முகம் சட்டகத்தை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தோல் சாம்பல் பூத்துத் தெரியும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கண்கள் குழிக்குள் போய்விடும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் வெளிச்சம் படும் கன்னத்தை அளந்து, கரிய தோலுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைத்து எடுங்கள். பின்னணிக்கு நடுத்தர நிறத்தில் சேலையோ செங்கல் சுவரோ போதும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரமோ திண்ணையோ பார்த்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி நிறுத்துங்கள். கரிய தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அந்த ஒளி தரும் பளபளப்புத்தான். போனில் அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் கேட்காமலே முகத்தை வெளுத்துத் தருவார்கள். அங்கே அச்சிடுவதானால் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் தாளில் கரிய பகுதிகள் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். பெரிய பிரிண்ட் போடுமுன் சிறிதாக ஒன்று போட்டுப் பாருங்கள்.

2012 ஏப்ரலில் கேப் டவுனில் முஹோலியின் வீட்டில் திருட்டு நடந்தது. 20க்கும் மேற்பட்ட ஹார்ட் டிரைவுகள் போயின, காப்புப் பிரதிகளும் அவற்றோடு போயின. பல ஆண்டு வேலை அழிந்தது. ஆகவே மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். பெயர்ப் பட்டியலைப் படங்களோடு ஒரே டிரைவில் வைக்காதீர்கள். அதற்குக் கடவுச்சொல் வேண்டும்.

பணத்தைப் பற்றி முதல் நாளே பேசுங்கள். படம் விற்றால் நிற்பவருக்கு எவ்வளவு, பரிசு கிடைத்தால் எவ்வளவு, பயணப்படி உண்டா என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. பெயர் வந்த பிறகு பேசினால் பங்கு கேட்பவர் நன்றி கெட்டவராகத் தோன்றுவார்.

ஒவ்வொருவருக்கும் அவர் படத்தின் பிரிண்ட் ஒன்று போய்ச் சேர வேண்டும். வீட்டில் வைக்க முடியாதவருக்காக யார் வைத்திருப்பது என்றும் அவரையே கேளுங்கள். முதல் பத்துப் பேருக்குக் கொடுத்து முடிக்கும்வரை பதினோராவது ஆளைக் கூப்பிட வேண்டாம்.