ராத்திரி 12க்கு ஏறி காலைல 6.30க்கு இறங்கினா ஆறரை மணி நேரம்தானா?

கேள்வி: மக பிரசவத்துக்காக ஜூன் மாசம் தனியா நியூயார்க் போறேன். சாங்கி ஏர்போர்ட்ல ராத்திரி 12 மணிக்கு ஏறி அன்னைக்குக் காலைலயே 6.30க்கு இறங்குறதா டிக்கெட்ல போட்டிருக்கு. மகனோ பதினெட்டரை மணி நேரம் உட்காரணும்மாங்கிறான். எது சரி? அவ்ளோ தூரமா?
- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ரெண்டுமே சரிதாம்மா. டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம், ஜூன்ல நியூயார்க் நம்மளவிட 12 மணி நேரம் பின்னாடி (குளிர்காலத்துல 13), அதனால நீங்க ஏறும்போது அங்க முந்தின நாள் மத்தியானம் 12 மணிதான், அதுலேர்ந்து காலை 6.30 வரைக்கும் எண்ணிப் பாருங்க, மகன் சொன்ன கணக்கு வந்துடும். திரும்பி வரும்போதுதான் நிறைய பேர் தேதியில ஏமாந்துடுறாங்க. திங்கக்கிழமை ராத்திரி 10 மணிக்கு அங்க ஏறினா, சுமார் 19 மணி நேரப் பயணம், இங்க இறங்கும்போது புதன்கிழமை விடியக்காலை 5 மணி. கூப்பிட வர்ற மகன்கிட்ட கிழமையச் சேர்த்தே சொல்லிடுங்க.

தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். பூமியோட மொத்தச் சுற்றளவே 40,000 தான்னா பாத்துக்குங்க. வீட்ல உலக உருண்டை இருந்தா ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு நூலை இழுத்துப் பிடிங்க, நூல் கிட்டத்தட்ட வட துருவத்து மேலயே போகும், ஏன்னா ரெண்டு ஊரும் பூமிக்கு எதிரெதிர் பக்கம். ஆனா விமானம் எப்பவும் அந்த நூல் மேலயே பறக்காது. உயரத்துல மேற்குலேர்ந்து கிழக்கால வேகமா ஓடுற ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து இருக்கு, போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமா சுத்தினாலும் அந்தக் காத்து முதுகுல தள்ளிவிடுறதால நேரம் மிச்சம். தூரத்தை வேகத்தால வகுத்தா விடை சரியா வராததுக்குக் காரணம் இதுதான், நேரம் தினம் கொஞ்சம் மாறுறதும் இதனாலதான்.

2004ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்காரங்க நாலு இன்ஜின் விமானத்துல நியூயார்க் பக்கத்து நியூவார்க்குக்கு நேரா போக ஆரம்பிச்சாங்க, எரிபொருள் செலவு தாங்காம 2013ல நிறுத்திட்டாங்க. 2018ல ரெண்டு இன்ஜின் ஏர்பஸ் ஏ350 யூஎல்ஆர் (ரொம்ப தூரம் நிக்காம பறக்கிற வகை) வந்தப்புறம்தான் மறுபடி ஓடுது. மொத்தமே 161 சீட்தான், சாதாரண எகானமியே கிடையாது, அதனால கால் நீட்ட இடம் கொஞ்சம் கூடவே இருக்கும்.

என் கவலையெல்லாம் உங்க காலும் மாத்திரையும்தாம்மா. நடைபாதை ஓர சீட்டா கேட்டு வாங்குங்க, முழிச்சிருக்கிற நேரத்துல அடிக்கடி எந்திரிச்சு நடங்க, தண்ணி குடிங்க. சுகர், பிரஷர் மாத்திரை இருந்தா எந்த ஊர் நேரப்படி போடணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க, மாத்திரைய பெரிய பெட்டியில போட்டுடாம கைப்பையிலயே வைங்க. மகளுக்கு நல்லபடியா பிரசவம் ஆகட்டும்.