பதினைந்து பாக்கெட் விதைகளை ஓரமாக வையுங்கள்

கேள்வி: திருச்சியில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் இருபதடிக்குப் பதினைந்தடி இடம் சும்மா கிடக்கிறது. ஆடிப்பட்டத்தில் காய்கறி போடலாம் என்று பதினைந்து வகை விதை வாங்கிவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது? வாஷிங் மெஷின் தண்ணீரைப் பாய்ச்சலாமா? மாமியார் ஒரு முருங்கையும் வேண்டும் என்கிறார். - ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது விதைகள் அல்ல, 'புது வீடு' என்ற சொல்தான். வீடு கட்டி முடித்ததும் செங்கல் துண்டு, சிமென்ட் கலவை, ஜல்லி எல்லாவற்றையும் கொல்லையில் தள்ளி, மேலே ஒரு லோடு மண்ணைப் பரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். பார்வைக்கு நல்ல நிலம்போல் இருக்கும். அரையடிக்குக் கீழே வேர் இறங்காது. அதனால் விதையைத் தொடுவதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். ஓர் இடத்தில் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். குப்பை வந்தால் பாத்தி போடும் இடத்தில் மட்டுமாவது அதை முழுக்க அள்ளிவிட்டுச் செம்மண் நிரப்புங்கள். பிறகு அந்தக் குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால், தரைமட்டத்தில் வேண்டாம். முக்கால் அடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். ஐப்பசி மழையில் வேர் அழுகாமல் காப்பது அந்த உயரம்தான்.

முழு இடத்தையும் இப்போதே கொத்த வேண்டாம். பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரே ஒரு பாத்தி போதும். மூன்றடி என்றால் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும், உள்ளே மிதிக்க வேண்டியிருக்காது. தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். இரண்டு மூன்று கூடை மக்கிய தொழு உரம் போட்டுக் கொத்திவிடுங்கள். 'மக்கிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கையில் அள்ளினால் கறுப்பாக, பொலபொலவென்று உதிர வேண்டும், சாணி வாடை அடிக்கக் கூடாது. பச்சைச் சாணியைப் போட்டால் சூட்டில் வேர் கருகும், கறையானும் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் வந்து சேரும்.

இந்தப் பட்டத்துக்கு மூன்றே மூன்று: தண்டுக்கீரை, வெண்டை, கொத்தவரை. மூன்றையும் நேரடியாக விதைக்கலாம். கத்தரி, மிளகாய், தக்காளி என்றால் நாற்று விட்டு, காப்பாற்றி, பிடுங்கி நட வேண்டும். திருச்சியின் ஆடிக் காற்றில் இளநாற்றுகளை நிறுத்துவது பழகியவர்களுக்கே பெரும்பாடு. அந்த பாக்கெட்டுகளை இறுக்கி மூடி ஈரம் படாத இடத்தில் வையுங்கள், தைப்பட்டத்தில் போடலாம்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பிடி விதையோடு நான்கு பிடி மணல் கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. தூவியபின் மண்ணை அள்ளிப் போடாமல் கையால் லேசாகக் கிளறிவிட்டு, பூவாளியால் தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகும். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ரவை போட்டுவிட்டால் அதைத் தூக்குவதில் மும்முரமாகிவிடும். மூன்றரை வாரத்தில் குழம்புக்குக் கீரை வரும். முதன்முதலில் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கீரையைச் சொல்வதே இதற்காகத்தான். சீக்கிரம் ஒரு பிடி கைக்கு வந்தால், வெண்டை காய்க்கும்வரை மனம் தளராது.

வெண்டையை இரவு ஊறவைத்து, ஒன்றரை அடிக்கு ஒரு குழியாக இரண்டு விதை போடுங்கள். நன்றாக வருவதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஏழு வாரத்தில் காய்க்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். மருந்து கிடையாது. தயங்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் மற்றவற்றுக்கும் பரவும். வெள்ளை ஈயும், இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் தென்பட்டதுமே, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலக்கி, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை போதும். ரசாயன மருந்து எதற்கும் போக வேண்டாம், உங்கள் குழந்தைகள் சாப்பிடப்போகும் காய் இது.

வாஷிங் மெஷின் தண்ணீர் காய்கறிக்கு வேண்டாம். சோப்பில் உள்ள உப்பு மண்ணை இறுக்கிவிடும். அந்தத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுங்கள். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைத் தாராளமாகப் பாத்திக்கு ஊற்றலாம்.

மாமியார் கேட்ட முருங்கையைக் கட்டாயம் வையுங்கள், ஆனால் பாத்திக்கு வடக்கே. ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும், தெற்கில் மரம் இருந்தால் பாத்தி முழுக்க நிழலாகிவிடும். சுவரை ஒட்டியும் ஜன்னல் பக்கமும் வேண்டாம். கிளை பலமில்லாதது, காற்றுக்கு முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் ஏறும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்-1 என்ற முருங்கை ரகத்தின் விதை கிடைத்தால் அதையே போடுங்கள், ஆறேழு மாதத்தில் காய் பறிக்கலாம். மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை விட்டு, உங்கள் மாமியாருக்கே கை எட்டும் உயரத்தில் காய்க்கும்.