வீட்டுச் சாமான் வாங்கும் முன்: பழுது பார்த்தவரிடம் சில கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி என்று பிரித்துப் பிரித்துப் பூட்டியவன் நான். உள்ளே இருப்பதைப் பார்த்துப் பழகியதால், வெளியே பெட்டியில் அச்சடித்திருப்பதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, இரண்டு வாக்குவம் கிளீனர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2000 வாட்ஸ், இன்னொன்று 800 வாட்ஸ். 2000 தானே நன்றாக உறிஞ்சும்?

வாட்ஸ் என்பது அது சாப்பிடும் மின்சாரம், உறிஞ்சும் பலம் இல்லை. நிறையச் சாப்பிடுகிறவர் எல்லாம் நிறைய வேலை செய்கிறாரா என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ல் 1600 வாட்ஸுக்கு மேற்பட்ட வாக்குவம் கிளீனர்களுக்குத் தடை வந்தது. 2017-ல் அந்த வரம்பை 900 ஆகக் குறைத்தார்கள். அதற்காக அங்கே யாரும் தூசியில் குடியிருக்கவில்லை. தரையில் உராயும் தலைப்பகுதியையும் காற்று போகும் வழியையும் கம்பெனிகள் திருத்தி அமைத்தன, அவ்வளவுதான்.

உறிஞ்சும் அழுத்தத்தைச் சொல்லும் ‘பாஸ்கல்’ கணக்கு போட்டிருந்தாலும் கொஞ்சம் உஷார். பெரும்பாலும் அது குழாய் வாயை அடைத்துவிட்டு அளந்தது. தூசியை இழுத்துக்கொண்டு போவது ஓடுகிற காற்று. அப்புறம், ஹெப்பா என்பது நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி. ‘ஹெப்பா டைப்’ என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எச்13 போல வகுப்பு குறிப்பிட்டிருக்க வேண்டும். எச்13 வடிகட்டி, பிடிக்கவே கஷ்டமான அளவுள்ள துகள்களில்கூட 99.95 சதவீதத்தை நிறுத்தும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும். விலை குறைந்தது வருடத்துக்கு 300 யூனிட் இழுக்கும், விலை கூடியது 180 யூனிட்தான் என்று லேபிளில் இருக்கிறது. எதை வாங்கலாம்? 10 வருட வாரண்டி என்பதை நம்பலாமா?

நல்ல கேள்வி. ஃப்ரிட்ஜுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்றைக் கடையில் கொடுக்கிறீர்கள், இன்னொன்றைக் கரண்ட் பில்லில் தவணையாகக் கட்டுகிறீர்கள். உங்கள் கணக்கில் வித்தியாசம் வருடத்துக்கு 120 யூனிட். 12 வருடம் ஓடினால் 1440 யூனிட். உங்கள் ஊரில் ஒரு யூனிட் என்ன விலையோ அதால் பெருக்குங்கள். கடை விலையில் இருக்கும் வித்தியாசத்தைவிட அது அதிகமாக வந்தால் விலை கூடியதையே வாங்குங்கள்.

ஆனால் இந்தக் கணக்கை எல்லாச் சாமானுக்கும் போடாதீர்கள். ஃப்ரிட்ஜ் இரவு பகலாக ஓடுகிறது. மிக்ஸி ஒரு நாளைக்குச் சில நிமிடம் ஓடினால் அதிகம். அதில் மின்சாரம் மிச்சம் என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

வாரண்டி விஷயம். அந்த 10 வருடம் பொதுவாகக் கம்ப்ரசருக்கு மட்டும்தான். கேஸ் நிரப்புவது, ஆள் கூலி, எலக்ட்ரானிக் போர்டு இதெல்லாம் பெரும்பாலும் அதில் வராது. நான் பார்த்த இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்களில் (தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) கம்ப்ரசர் போனதைவிட போர்டு போனதுதான் அதிகம். ஆகவே ‘போர்டுக்கு எத்தனை வருடம்?’ என்று கேளுங்கள். விற்பவர் பதிலுக்கு வேறு மாடலைக் காட்டினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பழைய ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. நாலு பக்கமும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அந்தக் காலத்து பல்ப் வருடக்கணக்கில் எரிந்தது. இப்போது வேண்டுமென்றே சீக்கிரம் கெடும்படி செய்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஒரு முறை உண்மையாகவே நடந்தது. 1924-ல் ஒஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்ப் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, ‘ஃபீபஸ்’ என்ற பெயரில் கூட்டு வைத்தன. பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்று முடிவு செய்து, அதற்கு மேல் உழைக்கும்படி செய்த உறுப்பினருக்கு அபராதம்கூட வைத்தார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இழை பல்பை நீண்ட நாள் உழைக்க வைத்தால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும். முழுக்க முழுக்கச் சூழ்ச்சி என்றும் சொல்ல முடியாது.

எல்இடி கதை வேறு. 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் விளக்குச் சில்லின் ஆயுள். அதற்கு முன்பே பின்னால் இருக்கும் சின்ன சர்க்யூட் சூட்டில் வெந்துவிடுகிறது. காற்றுப் புகாத மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டினால் இன்னும் சீக்கிரம். வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காமல் வெளிச்சத்தின் அளவான லூமன் பாருங்கள். பழைய 60 வாட்ஸ் பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமன், எல்இடியில் 8 முதல் 10 வாட்ஸிலேயே அது கிடைக்கும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; படுக்கையறைக்கு மஞ்சள் சாயலான 2700 கெல்வின். வெள்ளையான 6500 கெல்வினை அங்கே மாட்டினால் ஆபரேஷன் தியேட்டரில் படுத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யுமா?

அடியில் ஒரு காந்தம் ஒட்டினால் செய்யும். அடி தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஐயா, வாஷிங் மெஷின் முன்பக்கக் கதவா, மேல்பக்கக் கதவா?

தண்ணீர் அருமை என்றால் முன்பக்கம், முதுகு வலி என்றால் மேல்பக்கம். துணி போட மறந்து நடுவில் சேர்ப்பவர்களுக்கும் மேல்பக்கம்தான் வசதி. 8 கிலோ என்றால் உலர்ந்த பருத்தித் துணியின் எடை. போர்வையை அந்தக் கணக்கில் திணித்தால் வெளுக்காது.

முன்பக்க மெஷின் வாங்குகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ‘பேரிங் (டிரம் சுழலத் தாங்கும் வளையம்) போனால் அதை மட்டும் மாற்ற முடியுமா?’ பல மாடல்களில் டிரம்மைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை ஒரே துண்டாக ஒட்டிவிடுகிறார்கள். கைக்குள் அடங்கும் பேரிங்குக்காக முழுத் தொட்டியையும் மாற்றச் சொல்ல நேரும்போது எனக்கே கூச்சமாக இருக்கும்.

கேள்வி: உடனடி வாட்டர் ஹீட்டர் 3 கிலோவாட் போதுமா? ஷவருக்கு வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 கிலோவாட்டால் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற வேண்டும் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1.7 லிட்டர்தான் வரும். வாளி பிடித்துக் குளிக்கலாம், ஷவருக்கு நூல் மாதிரி ஒழுகும். ஷவர் வேண்டுமென்றால் தொட்டி வைத்த ஹீட்டருக்குப் போங்கள்.

கேள்வி: நான்ஸ்டிக் கடாயில் ‘பிஎஃப்ஓஏ இல்லாதது’ என்று ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வாங்கலாமா?

அந்த ரசாயனம் பூச்சு செய்யும் வேலையில் பயன்பட்டது. 2019-ல், நச்சு ரசாயனங்களைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். கைவிட வேண்டியதைக் கைவிட்டோம் என்பதற்கு ஒரு ஸ்டிக்கர்! சமையலறையில் கவனிக்க வேண்டியது வேறு. சுமார் 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். வெறும் கடாயைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள்.

கேள்வி: போனில் இருந்து இயக்கும் வசதிக்குக் கூடக் கொடுக்கலாமா?

நானே ஏமாந்திருக்கிறேன் தம்பி. மூன்றாவது வருடம் மெஷினை இயக்கும் அந்த ஆப்பைக் கம்பெனி நிறுத்திவிட்டது, மெஷினில் பாதி புரோகிராம் என் கைக்கு எட்டாமல் போனது. ‘இணையம் இல்லாமல் எல்லாம் பொத்தானில் கிடைக்குமா?’ என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, அவசரம். வாங்கிய ஃப்ரிட்ஜ் வாசலில் நுழையவில்லை!

பதறாதீர்கள். முதலில் வீட்டுக் கதவைக் கீலோடு கழற்றுங்கள், இரண்டு விரல் இடம் கிடைக்கும். போதாவிட்டால் ஃப்ரிட்ஜ் கதவையும் மேல் கீலில் இருந்து கழற்றலாம். கதவுக்கு ஒயர் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வைத்துவிட்டு சுவிட்ச் போடுங்கள், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கட்டும். கழற்றும் திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். ஒன்று குறைந்தாலும் கதவு தொங்கும்.