பேட்டரி ஒழுகி டார்ச் கெட்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: எட்டு ஆல்கலைன் பேட்டரிகள் அடங்கிய பாக்கெட் ஒன்றை ஓராண்டுக்கு முன் வாங்கினேன். அன்றே மூன்றை டார்ச் லைட்டிலும், நான்கை ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலும், ஒன்றைச் சுவர்க் கடிகாரத்திலும் போட்டேன். மின்சாரம் நின்ற ஓர் இரவில் டார்ச்சை எடுத்தால் எரியவில்லை. மூடியைத் திருகித் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளே பேட்டரிகள் ஒழுகி வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. சந்தேகப்பட்டு ரத்த அழுத்தக் கருவியைத் திறந்தால் அங்கும் அதே கதி. சுருள்கம்பிகள் பச்சை பூத்திருக்கின்றன. கடிகாரம் மட்டும் தப்பியது. ‘பேட்டரி ஒழுகிச் சாதனம் கெட்டால் பழுதுபார்த்தோ மாற்றியோ தருவோம்’ என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன், ‘நீண்ட நாள் உள்ளேயே விட்டது உங்கள் தவறு’ என்று பதில் வந்தது. கடைக்காரரோ, ‘நானா தயாரித்தேன்?’ என்கிறார். டார்ச்சைத் துடைத்து, அதிலிருந்த பேட்டரிகளை எறிந்துவிட்டேன். கருவியை இன்னும் தொடவில்லை. மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: அந்தக் கருவியை இன்றைக்கும் தொடாதீர்கள். உங்களிடம் மிஞ்சியிருக்கும் நல்ல சாட்சி அதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பரவாயில்லை. இதற்கான அடிப்படைக் கோட்பாடுகள் பல நாடுகளில் ஒன்றுபோலவே இருக்கின்றன. மாறுகிற இடங்களை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்தின் பதிலை அலட்சியமாக ஒதுக்க வேண்டாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆல்கலைன் பேட்டரிக்குள் ஒருபுறம் துத்தநாகத் தூள், மறுபுறம் மாங்கனீசு டைஆக்சைடு, இரண்டுக்கும் பொதுவாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரக் கரைசல். துத்தநாகம் மெல்ல மெல்ல அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அழுத்தம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் அடைப்பு விட்டுக்கொடுக்க, கரைசல் வெளியே வருகிறது. அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக உறைகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பொருக்கு அதுதான். முன்பெல்லாம் இந்த வாயுவை அடக்கத் துத்தநாகத்தோடு சிறிது பாதரசம் சேர்த்தார்கள். பாதரசம் மண்ணுக்கும் நீருக்கும் நஞ்சு என்பதால் 1990களில் அதைக் கைவிட்டார்கள். கைவிட்டது சரிதான், ஆனால் அடைப்பின் மேல் விழுந்த பொறுப்பு கூடிவிட்டது.

முற்றிலும் தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டாலும், பழையதையும் புதியதையும் கலந்து போட்டாலும், ஒன்றைத் தலைகீழாகச் செருகினாலும் வாயு அதிகமாகும். ஆகவே ஒழுகிய ஒவ்வொரு பேட்டரியும் குறையுள்ள சரக்கு என்று எந்த நீதிமன்றத்திலும் சாதிக்க முடியாது. நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்: கலந்து போட்டாரா, தீர்ந்த பிறகும் விட்டுவைத்தாரா, தேதி கடந்துவிட்டதா? எட்டும் ஒரே பாக்கெட், ஒரே நாளில் போட்டவை என்பது உங்களுக்குப் பெரிய பலம். நீண்ட நாள் உள்ளே விட்டதாகச் சொல்கிறார்களா? டார்ச் என்பதே இருட்டு வரும்வரை சும்மா கிடப்பதற்கான பொருள். ஒவ்வோர் இரவும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கு அணைந்ததும் இருட்டில் தடவித் தேடிப் போடுகிறவர் யாரும் இல்லை. சாதாரணமாக எப்படிப் பயன்படுத்துவார்களோ அப்படிப் பயன்படுத்தியது தவறான பயன்பாடு ஆகாது. இந்த வாதத்தை உங்கள் கடிதத்தில் அப்படியே எழுதலாம்.

ஆனால் ‘பேட்டரி ஒழுகலாமா’ என்ற அந்தச் சண்டையே உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பாக்கெட்டில் அச்சிட்ட வாசகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1890களில் இங்கிலாந்தில் கார்பாலிக் புகை உருண்டை என்று ஒரு மருந்துப் பொருள் விற்றது. சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், நம்பிக்கைக்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். கார்லில் என்ற பெண்மணி வாங்கிப் பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. நிறுவனம் ‘அது வெறும் விளம்பரப் பேச்சு’ என்றது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊருக்கே அறிவித்த வாக்குறுதியை நம்பி ஒருவர் சொன்னபடி செய்துவிட்டால் அது ஒப்பந்தம் என்று தீர்ப்பாயிற்று. 1893ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் பதிவான அந்த வழக்கை ஆங்கிலேயச் சட்ட மரபுள்ள நாடுகளில் சட்ட மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள். உங்கள் பாக்கெட்டின் வாசகமும் அந்தச் சாதிதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுச் சேமிப்பு உத்தரவாதத்தோடு விற்ற பேட்டரி ஒழுகியதற்காக அமெரிக்காவில் ஒருவர் போட்ட வழக்கை, கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தது. உத்தரவாதம் என்றால் ஒழுகவே ஒழுகாது என்று பொருளல்ல, குறை வந்தால் சரிசெய்து தருவோம் என்றே பொருள் என்பது அங்கே எடுபட்ட வாதம். வாடிக்கையாளருக்குத் தோல்விதான். ஆனால் உங்களுக்கு அது சாதகம். நீங்கள் பொய் விளம்பரம் என்று குற்றம் சாட்டவில்லை. சொன்னபடி சரிசெய்து தா என்று மட்டும் கேட்கிறீர்கள். இந்த வாக்குறுதியின் பேரில் கேட்கும்போது, தயாரிப்பில் குறை இருந்தது என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் இல்லை. ஒழுகியது, அதனால் கெட்டது, நிபந்தனைகளை மீறவில்லை: இந்த மூன்றைக் காட்டினால் போதும். நிபந்தனைகள் பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள்.

கடைக்காரருக்கும் தப்பிக்க வழியில்லை. பணம் வாங்கிக்கொண்டு விற்றவர் அவர். விற்ற பொருள் அதன் வேலைக்குத் தகுந்ததாக, ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது விற்பனையாளர் மேல் சட்டம் சுமத்துகிற கடமை. இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் என்று பெயர்தான் வேறு. பேட்டரியின் குறையால் இயல்பாக விளையும் என்று எதிர்பார்க்கத்தக்க சேதத்தையும், அதாவது டார்ச்சையும் கருவியையும், அவரிடம் கேட்கலாம். சங்கடம் என்னவென்றால் இங்கே பேட்டரி விற்றபோதே குறையுள்ளது என்று நீங்கள் காட்ட வேண்டும். ஓராண்டு கழித்து அது எளிதன்று. பில் வேறு வேண்டும்.

மூன்றாவது வழி, தயாரிப்பாளரின் பொருள் பொறுப்பு, அதாவது குறையுள்ள பொருள் விளைத்த சேதத்துக்கு அதைத் தயாரித்தவரே பதில் சொல்வது. கேட்கக் கம்பீரமாக இருக்கும், சின்னப் பொருள்களுக்குப் பல நாடுகளில் கைகொடுக்காது. பிரிட்டனின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்துச் சேதம் 275 பவுண்டைத் தாண்டாவிட்டால் இழப்பீடு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1985ஆம் ஆண்டு நெறிமுறையிலும் 500 யூரோ என்ற வாசற்படி இருந்தது. 2024இல் வந்த புதிய நெறிமுறை அதை எடுத்துவிட்டது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படி வாசற்படி இல்லை. ஆனால் அங்கும் ‘தீங்கு’ என்பதில் குறையுள்ள பொருளே கெட்டது சேராது. அது கெடுத்த பிற சொத்துதான் சேரும். பேட்டரிக்கு இல்லை, டார்ச்சுக்கு உண்டு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதும் அச்சட்டத்தில் பொருளை விற்றவருக்கு, தானே விற்கும் தயாரிப்பாளருக்கும், கிடைக்கும் தற்காப்பு.

இடையில் ஒரு நுணுக்கம். பேட்டரி தனியே வாங்கியதாக இல்லாமல் சாதனத்துக்குள்ளேயே பொருத்தி விற்றதாக இருந்தால் கணக்கு மாறும். பிரிட்டன் சட்டப்படி அப்போது சாதனமும் பேட்டரியும் ஒரே பொருள் போல. உள்ளே இருந்த பேட்டரி சாதனத்தைக் கெடுத்தால் பொருள் பொறுப்பில் கேட்க முடியாது, விற்றவரிடம்தான் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

இனி, ஏன் தொடக் கூடாது என்றேன். 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த டானஹியூ வழக்கு, முன்பின் அறியாத வாடிக்கையாளரிடமும் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று நிலைநாட்டியது. தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தின் ஒளிபுகாத பாட்டிலில் அழுகிய நத்தை இருந்தது என்பது புகார். அந்த நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. சட்டக் கேள்வி முடிந்ததும் வழக்கு சமரசத்தில் போய்விட்டது. டார்ச்சைப் பொறுத்தவரை உங்கள் நத்தையைக் கழுவி ஊற்றிவிட்டீர்கள். கருவிக்குள் இருக்கும் நத்தையையாவது காப்பாற்றுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, மூடி திறந்த நிலையில் முதலில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பேட்டரியாக வெளியே எடுத்து, அதன் மேலுள்ள தேதியும் குறியீட்டு எண்ணும் தெரியும்படி மறுபடி எடுங்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துவையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடாமல் வையுங்கள். அலுமினிய டப்பா வேண்டாம், காரம் அதைத் தின்றுவிடும். கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். கடிகாரத்தில் தப்பிய எட்டாவது பேட்டரியையும் இதோடு சேருங்கள். ஒரே பாக்கெட் என்று காட்ட அதன் குறியீட்டு எண் உதவும், எறிந்த மூன்றுக்கும் சேர்த்து. டார்ச்சின் உள்பக்கத்தில் எவ்வளவு துடைத்தாலும் அரிப்பின் தடம் இருக்கும். அதையும் படம் எடுங்கள். பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் ‘பேட்டரிக் கசிவால் தொடர்புமுனைகள் அரிக்கப்பட்டுள்ளன’ என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

அதன்பின் நிறுவனத்துக்கு ஒரு கடிதம். வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலில் பதில் எழுதியவர் பெரும்பாலும் முன்னச்சு வரிகளை அனுப்புகிறவர். இம்முறை பதிவு பெற்ற அலுவலகத்துக்கு, ஒப்புகையோடு அனுப்புங்கள். ‘உங்கள் பாக்கெட்டில் இந்த வாசகம் உள்ளது. இந்தத் தேதியில் வாங்கினேன். எட்டும் ஒன்றாகவே பொருத்தப்பட்டன, தேதி கடக்கவில்லை. இந்த இரு சாதனங்களும் கெட்டன. 30 நாளில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும்’ என்றால் போதும். கோபம், அடைமொழி எதுவும் வேண்டாம். ஒழுகிய பேட்டரிகளை நீங்களாகத் தபாலில் அனுப்பாதீர்கள். கேட்டால், எப்படி அனுப்புவது என்பதை அவர்களையே எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். நான்கில் ஒன்றையாவது உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

மசியாவிட்டால் வழக்கு. இந்தியாவில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலவரம்பு இரண்டாண்டு. இங்கிலாந்தில் ஒப்பந்தக் கோரிக்கைக்கு ஆறாண்டு அவகாசம் உண்டு. ஒன்றை மட்டும் யோசியுங்கள்: குறை இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிவந்தால் அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். டார்ச்சின் விலையை அது விழுங்கிவிடும். உத்தரவாத வாசகத்தின் மேல் நில்லுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மன உளைச்சல்? ஒரு டார்ச்சுக்காக அதைப் பெரிதாகக் கேட்டால் உண்மையான கோரிக்கையும் இளைத்துவிடும். நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, கடிதப் போக்குவரத்துச் செலவை மட்டும் சேர்ப்பேன். ரத்த அழுத்தக் கருவி இல்லாததால் பரிசோதனைக்கு வெளியே போய்ப் பணம் கொடுத்திருந்தால், அந்தச் சீட்டுகளைக் கட்டாயம் இணையுங்கள்.

நிறுவனம் இறங்கிவந்து புதிய டார்ச் ஒன்றை நீட்டலாம். கூடவே ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்’ என்ற தாளும் வரும். கருவிக்கான பதில் அதில் இல்லையென்றால், ‘டார்ச்சுக்கு மட்டும்’ என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.