பவுல் படித்த கவிதை

வணக்கம்.

எங்கள் சபையில் ஒரு இளைஞர் பிரசங்கத்தின் நடுவே வேறொரு மத நூலிலிருந்து இரண்டு வரி சொன்னார். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் அவரைத் தனியே கூப்பிட்டு, ‘நானே சத்தியம் என்று இயேசு சொன்ன பிறகு நீ வெளியே போய் எதைத் தேடுகிறாய்?’ என்று கடிந்துகொண்டார். எனக்கு இதில் சொந்தச் சிக்கல் ஒன்றும் உண்டு. வேறு மதத்து நண்பர் ஒருவர், மன்னிப்பைப் பற்றி அவர்களுடைய நூலில் வரும் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார். நான் கேட்ட பல பிரசங்கங்களைவிட அது என்னை உலுக்கிவிட்டது. இது தவறா? அவரிடம் இதைச் சொல்லலாமா, சொன்னால் என் விசுவாசத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

தவறில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

மூப்பர் சொன்ன வசனத்தை நானும் நம்புகிறேன். ஆனால் யோவான் 14:6க்குப் போகிறவர் அதே சுவிசேஷத்தின் 1:9ஐத் தாண்டித்தானே போக வேண்டும்? ‘எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி’ என்று அங்கே இருக்கிறது, சபைக்கு வருகிற மனுஷனை மட்டும் என்று இல்லை. இயேசுவே சத்தியம் என்றால் உண்மையான ஒரு சொல் எங்கே கிடைத்தாலும் அது அவருக்கு அந்நியமாக இருக்காது. இதைச் சொன்னால் தாராளவாதி என்று முத்திரை குத்துவார்கள், பரவாயில்லை, 16ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வினையும் சேர்த்துக் குத்தட்டும். கிறிஸ்தவர் அல்லாதவர்களின் நூல்களில் உள்ள உண்மையை இகழ்வது தேவ ஆவியை அவமதிப்பதாகும் என்று எழுதியவர் அவர், கறாருக்குப் பேர்போனவர்.

அப்போஸ்தலர் 17ஐ ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அத்தேனே பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைக் கண்டு பவுல் தன் ஆவியில் வைராக்கியம் அடைந்தார் என்று 16ஆம் வசனம் சொல்கிறது. ஆனாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. சுற்றித் திரிந்து, அவர்களுடைய வழிபாட்டுக்குரியவற்றைக் கவனித்துப் பார்த்து, ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருந்த பலிபீடத்தை வாசிக்கிறார். பிறகு மார்ஸ் மேடையில் நின்று, ‘உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்’ என்கிறார். அந்த வரி கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அராட்டஸ் என்ற கவிஞர் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையின் தொடக்கத்தில் வருவது. அங்கே ‘அவர்’ கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஜீயஸ். பவுலுக்கு இது தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். அந்த வரி உண்மை என்று ஏற்றுக்கொண்டு, அதைக் கொண்டே அடுத்த வசனத்தில், அப்படியானால் பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் செய்தவற்றுக்குத் தெய்வம் ஒப்பாகுமா என்று வாதாடுகிறார். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. அந்த இளைஞரைக் கண்டித்த மூப்பர் அன்று அங்கே இருந்திருந்தால் பவுலையும் தனியே கூப்பிட்டிருப்பார்.

(அத்தேனே பட்டணத்துக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனை உங்கள் மூப்பர் துணைக்கு இழுக்கலாம். அதே தெர்த்துல்லியன் இன்னோர் இடத்தில் ரோமத் தத்துவவாதி செனகாவை ‘பல நேரங்களில் நம்மவர்’ என்று எழுதியிருக்கிறார்.)

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த ஆள் ஆதிச் சபையின் பெரிய ஆசிரியரான அகஸ்டின். 19ஆம் வயது நடந்துகொண்டிருந்தபோது ரோமப் பேச்சாளர் சிசரோவின் நூல் ஒன்றைப் படித்தார். அதுதான் தன் ஜெபங்களைக் கடவுளை நோக்கித் திருப்பியது என்று பிறகு எழுதினார். சிசரோ கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்! அதற்கும் பல ஆண்டுகள் கழித்து கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோவின் வழிவந்தவர்களின் நூல்களைப் படித்தபோது, ஆதியிலே வார்த்தை இருந்தது என்பதை வேறு சொற்களில் அங்கே பார்த்தேன் என்கிறார். கூடவே, அந்த வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணியது என்பதை அங்கே பார்க்கவில்லை என்றும் சொல்கிறார். இருந்ததையும் சொன்னார், இல்லாததையும் சொன்னார். நாம் பெரும்பாலும் இதில் ஒரு பாதியைத்தான் செய்கிறோம். ஒரு சாரார் அங்கே ஒன்றுமே இல்லை என்கிறார்கள், அதில் ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொரு சாரார் எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்று கையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கென்னவோ இரண்டாமவர்களும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த இளைஞரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இரண்டு வரி சொன்னாரே, அந்த நூலின் மற்ற வரிகளைப் படித்தாரா? பிரசங்கத்துக்கு அழகு சேர்க்க ஒரு வரியைப் பிய்த்துக்கொண்டு வந்து, ‘பாருங்கள், அவர்களே நம் ஆண்டவரைப் பற்றித்தான் சொல்கிறார்கள்’ என்று முடிப்பது நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிற பழக்கம். அந்த நூலை வேதமாகக் கொண்டவர் கேட்டால் என்ன நினைப்பார்? நம் வசனத்தை யாராவது அப்படி எடுத்தாண்டால் நாம் சும்மா இருப்போமா? அது என்ன பொருளில் சொல்லப்பட்டதோ அந்தப் பொருளை முதலில் சொல்லிவிட்டு, பிறகு நாம் எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே பிரிகிறோம் என்று சொன்னால் போதும். நேரம் ஆகும்தான். நேரமில்லை என்றால் மேற்கோளை விட்டுவிடலாம்.

உங்கள் நண்பர் விஷயம். அந்தப் பகுதி உங்களை உலுக்கியது என்று தாராளமாகச் சொல்லுங்கள். ‘ஆனால் எங்கள் வேதத்தில் இதைவிட...’ என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது, அதை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேளுங்கள். மன்னிப்பைப் பற்றி உங்கள் வேதம் என்ன சொல்கிறது என்று அவரும் ஒருநாள் கேட்பார். அப்போது மத்தேயு 18இல் வரும் கடன்காரனின் கதையை எடுத்து முழுவதுமாக வாசித்துக் காட்டுங்கள், கடைசி வசனம் வரைக்கும். அந்தக் கடைசி வசனத்தைப் பற்றி அவர் ஏதாவது கேட்டால், எனக்கு அடுத்த கடிதம் எழுதுங்கள்.