ஏயோனியம் இலை உதிர்க்கிறதா? தண்ணீரை நிறுத்துங்கள்

தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். மே மாதத்தில் அடி இலைகள் காய்ந்து உதிர்வதும், விரிந்திருந்த இலையடுக்கு மொட்டுபோல மூடிக்கொள்வதும் நோய் இல்லை. ஏயோனியம் சதைப்பற்றுள்ள இலைகள் பூப்போல அடுக்கிய, கோடையில் வளர்ச்சியை நிறுத்தித் தூங்கும் செடி. தாகம் என்று நினைத்து நீங்கள் தினமும் ஊற்றுவதுதான் ஆபத்து.

இதன் பெரும்பாலான வகைகளின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கேனரி தீவுகள். அங்கே மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில். வளர்வதும் குளிர்காலத்தில்தான். (கள்ளி வளர்த்துப் பழகிய கை இங்கேதான் ஏமாறும். என் முதல் செடியை நானே அழுகவிட்டேன்.)

ஒன்று செய்து பாருங்கள். மண் மட்டத்தில் தண்டை இரண்டு விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உச்சி வெயில் படாத இடத்துக்கு மாற்றினால் போதும்; தண்டு சுருங்கினால் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

கொழகொழவென்று அமுங்கினால் காத்திருக்காதீர்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் துளியும் தெரியாத இடம் வரை மேலேறி வெட்டுங்கள். வெட்டிய மேல்துண்டை நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் ஊன்றுங்கள். வெயில் தணிந்த பிறகுதான் வேர் ஒழுங்காகப் பிடிக்கும்.

நடுவிலிருந்து கூம்பாக நீண்டு மஞ்சள் பூ வருகிறதென்றால் கதை வேறு. பூத்த தலை (அந்த இலையடுக்கு) விதை விட்டதும் செத்துவிடும். கிளைகள் இருந்தால் மற்ற தலைகள் பிழைக்கும். ஒற்றைத் தலைச் செடி என்றால் அவ்வளவுதான், விதையைச் சேர்த்து வையுங்கள்.